ஒரு டாலர் ரசீதிலிருந்து விளக்கம் கோரும் அறிவிப்பு வரை: அமெரிக்க மாநிலங்களில் கட்டுப்பாட்டு மருந்துப் பதிவின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மார்பின், மெத்தடோன், ஆக்சிகோடோன் போன்ற வலிநீக்கிகளைச் சீட்டில் எழுதித் தரும் மருத்துவருக்கும், அவற்றைக் கடையில் வைத்து வழங்கும் மருந்தாளுநருக்கும், தொழில் நடத்துவதற்கான உரிமம் மட்டும் இருந்தால் போதாது. அடிமைப்படுத்தும் இயல்புடையவை என்று சட்டம் அட்டவணையிட்டுள்ள இத்தகைய பொருள்கள் ‘கட்டுப்பாட்டு மருந்துகள்’ எனப்படுகின்றன. அவற்றைக் கையாள்வதற்குத் தொழில் உரிமத்துக்கு மேல் தனியாகப் பெற வேண்டிய அனுமதி ‘பதிவு’ எனப்படுகிறது. கூட்டரசின் பதிவை எல்லோரும் பெற்றாக வேண்டும். மாசசூசெட்ஸ், கனெக்டிகட், மிசௌரி, ஓக்லஹோமா முதலிய மாநிலங்களில் மாநில அரசின் பதிவும் சேர்ந்து தேவைப்படுகிறது. இப்பதிவை மறுக்கவோ நிறுத்தவோ ரத்து செய்யவோ மாநில அலுவலகம் கைக்கொள்ளும் நடைமுறை, அதாவது எழுத்து மூலமான அறிவிப்பு, விளக்கம் தர அவகாசம், விசாரணை, காரணம் கூறும் ஆணை, மேல்முறையீடு என்ற வரிசை, மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு வெறும் அலுவலகச் சடங்காகவே தோன்றும். அந்த வரிசை இல்லாதிருந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளில் என்ன நேர்ந்தது என்பதை அறிந்தால்தான் அதன் அருமை விளங்கும். அக்காலத்தில் அரசு ஒரு மருத்துவரின் பேனாவைத் தடுக்க விரும்பினால், அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதைத் தவிர அதன் கையில் பெரிதாக வேறு வழி இருக்கவில்லை.

மருத்துவத் தொழிலை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அந்நாட்டில் தொடக்கம் முதலே மாநிலங்களுக்கு உரியது. மேற்கு வர்ஜீனியா மாநிலம் மருத்துவர்களுக்கு உரிமம் கட்டாயம் என்று இயற்றிய சட்டத்தை டென்ட் என்ற மருத்துவர் எதிர்த்தபோது, 1889-இல் உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் தீர்ப்பளித்து இதை உறுதிசெய்தது. ஆகவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபின், கோக்கோ இலை ஆகியவற்றிலிருந்து பெறப்படும் மருந்துகளை நாடு முழுவதும் கட்டுப்படுத்த முனைந்த அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு நேர்வழி அடைபட்டிருந்தது. 1909-இல் ஷாங்காயில் கூடிய அபின் ஆணையமும் 1912-இல் கையெழுத்தான ஹேக் உடன்படிக்கையும் உள்நாட்டுச் சட்டம் ஒன்றை வற்புறுத்தின. அரசியல் சாசனமோ மருத்துவரின் அறைக்குள் கூட்டரசு நுழைவதை அனுமதிக்கவில்லை. அதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட சுற்றுவழிதான் வரி. குடியரசுத் தலைவர் வில்சன் 1914 டிசம்பர் 17 அன்று ஒப்பமிட்டு, 1915 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்த ஹாரிசன் சட்டம் தன்னை ஒரு வருவாய்ச் சட்டமாகவே அறிவித்துக்கொண்டது.

அச்சட்டத்தின்படி இம்மருந்துகளை இறக்குமதி செய்பவர், தயாரிப்பவர், விற்பவர், கொடுப்பவர் என அனைவரும் தம் வட்டாரத்து உள்நாட்டு வருவாய் வசூல் அலுவலரிடம் பெயரையும் தொழில் நடத்தும் இடத்தையும் பதிந்து, ஆண்டுக்கு ஒரு டாலர் வரி செலுத்த வேண்டும். ஒருவர் மற்றொருவரிடமிருந்து மருந்து வாங்கும்போது வருவாய்த் துறை அச்சிட்டு விற்ற கொள்முதல் படிவத்தில் இரு படிகளாக எழுதி, அவற்றை இரண்டு ஆண்டுகள் பாதுகாத்து, கேட்கும் அலுவலரிடம் காட்ட வேண்டும். பதிவு பெற்ற மருத்துவர் தம் நோயாளிக்குக் கொடுப்பதற்கு மட்டும் இப்படிவத்திலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அவ்விலக்கு ‘தம் தொழில்முறை நடவடிக்கையின் போக்கில் மட்டும்’ கொடுப்பவற்றுக்கே என்று ஒரு சிறு சொற்றொடரைச் சட்டம் ஒட்டிவைத்தது. மீறினால் 2,000 டாலர் வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது அப்பதிவின் தன்மை. அது வரி கட்டியதற்கான ரசீதே அன்றித் தகுதியை ஆராய்ந்து தரப்பட்ட அனுமதி அன்று. மாநில உரிமம் வைத்திருந்து, கட்டணமும் செலுத்தும் மருத்துவரிடம் உமக்குப் பதிவு இல்லை என்று சொல்ல வருவாய் அலுவலருக்கு அதிகாரம் கிடையாது. கொடுத்த பதிவைப் பறிக்கவும் வழி கிடையாது. பத்து நோயாளிகளைக் கருணையோடு பார்ப்பவரும், பணத்துக்காகச் சீட்டுகளைக் கட்டுக்கட்டாக எழுதித் தள்ளுபவரும் ஒரே வரிசையில் நின்று ஒரே ரசீதைப் பெற்றனர். இருவரையும் வேறுபடுத்திக் காட்ட அரசிடம் எஞ்சியிருந்தது மேற்சொன்ன சிறு சொற்றொடரும் சிறைத் தண்டனையும் மட்டுமே. மருத்துவத்தின் எல்லை எது என்ற, மருத்துவர்களே ஒருமித்து விடை சொல்ல இயலாத கேள்வி, இவ்வாறு வரித்துறை முகவர்களின் கைக்கும் ஜூரிகளின் கைக்கும் போய்ச் சேர்ந்தது. ஹாரிசன் சட்டத்தின் பெரும் பிழை அதன் கடுமையில் இல்லை, இந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பது அக்கால வழக்குகளைப் படிப்பவருக்குத் தெளிவாகும்.

முதலில் உச்ச நீதிமன்றம் அரசைக் கட்டுப்படுத்தவே செய்தது. பிட்ஸ்பர்க் நகர மருத்துவர் ஜின் ஃபூயி மாய் மீதான வழக்கில், நீதிபதி ஹோம்ஸ் 1916-இல் எழுதிய தீர்ப்பு, இது வருவாய்ச் சட்டமாதலால் பதிவு செய்யக் கடமைப்பட்டவர்களையே கட்டுப்படுத்தும், மருந்தை வைத்திருக்கும் ஒவ்வொருவரையும் குற்றவாளியாக்காது என்றது. மூன்றே ஆண்டுகளில் காற்று திசை மாறியது. 1919 மார்ச் 3 அன்று, ஐந்துக்கு நான்கு என்ற மயிரிழைப் பெரும்பான்மையில், இரண்டு தீர்ப்புகள் ஒருங்கே வெளிவந்தன. சான் அன்டோனியோவைச் சேர்ந்த டோரெமஸ் வழக்கில் சட்டம் செல்லும் என்று கூறப்பட்டது. மெம்பிஸ் நகரில் சீட்டு ஒன்றுக்கு ஐம்பது சென்ட் பெற்று மார்பின் எழுதிக் கொடுத்த வெப் என்ற மருத்துவரின் வழக்கிலோ, மருந்துக்கு அடிமைப்பட்ட ஒருவரைக் குணப்படுத்தும் நோக்கமின்றி, அவர் வழக்கமான நிலையில் இருப்பதற்காக மட்டும் எழுதும் தாளை மருத்துவச் சீட்டு என்று அழைப்பதே பொருந்தாது என முடிவாயிற்று. 1922-இல் பெர்மன் வழக்கு இதை இன்னும் இறுக்கியது: ஒரே நோயாளிக்கு 150 கிரெய்ன் ஹெராயினும் 360 கிரெய்ன் மார்பினும் 210 கிரெய்ன் கோக்கெயினும் எழுதிய அம்மருத்துவர், நல்லெண்ணத்தோடு செய்தார் என்றே வைத்துக்கொண்டாலும் குற்றமே என்றானது. கிரெய்ன் என்பது ஏறத்தாழ 65 மில்லிகிராம், அளவு பெரியதுதான். ஆனால் அத்தீர்ப்பின் நிழல் சிறிய அளவு கொடுத்தவர்கள் மீதும் விழுந்தது.

வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் 1922 ஏப்ரல் 1 அன்று மருத்துவர் சார்லஸ் லிண்டர் ஒரு பெண்ணுக்குக் கொடுத்தது ஒரு மார்பின் மாத்திரையும் மூன்று கோக்கெயின் மாத்திரைகளும்; மொத்தம் நான்கு. அதற்காக அவர் தண்டிக்கப்பட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்று, 1925 ஏப்ரலில் அனைத்து நீதிபதிகளும் ஒருமித்து அவரை விடுவித்தபோது, மருத்துவத் தொழிலை நேரடியாக ஆள்வது கூட்டரசின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்றும், அடிமைப்பட்டவர்கள் நோயாளிகளே, முறையான சிகிச்சைக்கு உரியவர்களே என்றும் நீதிமன்றம் வெளிப்படையாகச் சொன்னது. அந்தச் சொற்கள் மூன்றாண்டுகள் தாமதமாக வந்தன. அதற்குள் 1919 முதல் பல நகரங்களில் அடிமைப்பட்டோருக்காக நடந்துவந்த மருந்தகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, லூயிசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் மருத்துவர் வில்லிஸ் பட்லர் நடத்திய மருந்தகமும் 1923-இல் கதவடைத்திருந்தது. தீர்ப்பு மருத்துவருக்கு விடுதலை அளித்ததே தவிர அச்சத்திலிருந்து விடுதலை அளிக்கவில்லை. நான்கு மாத்திரைகளுக்காக ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை நடக்க வேண்டியிருந்ததைக் கண்ட மற்றவர்கள், அத்தகைய நோயாளிகளை வாசலிலேயே திருப்பி அனுப்பும் வழக்கத்துக்கு வந்துவிட்டனர்.

லிண்டருக்கு இன்றைய முறை இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது வீணன்று. அவருடைய பதிவேட்டை ஓர் ஆய்வாளர் பார்த்திருப்பார். குறை இருந்தால் எழுத்தில் கேட்டிருப்பார். லிண்டர் வழக்கறிஞருடன் வந்து விடை சொல்லியிருப்பார். கடைசியில் கண்டிப்போ, குறிப்பிட்ட ஒரு மருந்துக்கு மட்டுமான தடையோ வந்திருக்கலாம். அந்த இடைநிலைகளில் எதுவுமே 1922-இல் இல்லை.

மாநிலங்கள் இவ்விடைவெளியை நிரப்பத் தொடங்கியது 1932-இல். மாநிலச் சட்டங்கள் ஒன்றுக்கொன்று முரணாமல் இருக்க மாதிரி வரைவுகள் தயாரிக்கும் ஆணையர்களின் தேசிய மாநாடு அவ்வாண்டு ‘ஒருசீர் போதைமருந்துச் சட்டம்’ என்னும் வரைவை வெளியிட்டது. அது தயாரிப்பாளரும் மொத்த வணிகரும் மாநில உரிமம் பெற வேண்டும் என்றது. மருத்துவர் குற்றவாளி எனத் தீர்ப்பானால், தீர்ப்பின் படியை அவருக்கு உரிமம் தந்த வாரியத்துக்கு நீதிமன்ற எழுத்தர் அனுப்ப வேண்டும் என்றும் விதித்தது. முன்னேற்றந்தான், ஆனால் இன்னமும் குற்றவழக்கு முன்னே சென்றது, நிர்வாகம் அதன் பின்னே நடந்தது. 1939-இல் கலிபோர்னியா தொடங்கிய மும்மடிச் சீட்டு முறை, அதாவது ஒரே சீட்டை மூன்று படிகளாக எழுதி ஒன்றை அரசுக்கு அனுப்பும் முறை, குற்றம் நிகழும் முன்பே எழுதுகோலின் போக்கைக் கவனிக்கும் முதல் முயற்சிகளில் ஒன்று.

பெரும் திருப்பம் 1970-இல் நேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 27 அன்று ஒப்பமிடப்பட்டு, 1971 மே 1 முதல் செயல்பட்ட கூட்டரசின் கட்டுப்பாட்டு மருந்துகள் சட்டம் வரிப் போர்வையைக் களைந்துவிட்டு, மாநிலங்களிடையேயான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தின் மேல் நின்றது. மருந்துகள் ஐந்து அட்டவணைகளாகப் பிரிக்கப்பட்டன. பதிவு ரசீதாக இல்லாமல் அனுமதியாயிற்று. அதே ஆண்டு வெளியான ‘ஒருசீர் கட்டுப்பாட்டு மருந்துகள் சட்டம்’ என்ற மாநிலங்களுக்கான மாதிரி வரைவை, அடுத்த சில ஆண்டுகளில் பெரும்பான்மை மாநிலங்கள் தழுவிக்கொண்டன. இன்றைய மாநில நடைமுறையின் முதுகெலும்பு இந்த வரைவின் மூன்றாம் பகுதியில் இருப்பதால் அதைச் சற்று அருகிருந்து பார்ப்பது தகும்.

வரைவின் 304-ஆம் பிரிவு பதிவை நிறுத்தவோ ரத்து செய்யவோ மூன்றே காரணங்களைத் தந்தது: விண்ணப்பத்தில் பொய்த் தகவல் தந்தது, கட்டுப்பாட்டு மருந்து தொடர்பான கடுங்குற்றத்தில் தண்டனை பெற்றது, கூட்டரசின் பதிவை இழந்தது. எல்லா மருந்துக்குமான பதிவைப் பறிக்காமல், சிக்கல் எழுந்த மருந்துக்கு மட்டும் ரத்தை வரையறுக்கலாம் என்ற நுண்மையும் அதில் இருந்தது. 305-ஆம் பிரிவு, பதிவைத் தொடும் முன்பாக ‘ஏன் இதைச் செய்யக்கூடாது’ என்று காரணம் கேட்கும் ஆணையை அலுவலகம் அனுப்ப வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் விளக்கம் கோரும் குறிப்பாணை என்று வழங்குவதன் இனத்தைச் சேர்ந்தது இது. அந்த ஆணை எந்த அடிப்படையில் நடவடிக்கை என்பதைக் கூற வேண்டும். அது சேர்ப்பிக்கப்பட்ட நாளிலிருந்து முப்பது நாளுக்குக் குறையாத ஒரு நாளையும் இடத்தையும் குறித்து வரச்சொல்ல வேண்டும். புதுப்பித்தலை மறுக்க நினைத்தால், பதிவு காலாவதியாகும் நாளுக்கு முப்பது நாளுக்கு முன்பே அறிவிப்பு போய்ச் சேர வேண்டும். விசாரணை முடியும்வரை பழைய பதிவு உயிரோடிருக்கும். இந்த விசாரணை குற்றவழக்கு ஒன்று நடக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்ததன்று. ஐம்பதாண்டுகளாகக் குற்றவழக்கின் வாலைப் பிடித்து நடந்த நிர்வாகம் இந்த ஒரு வாக்கியத்தில்தான் தன் காலில் நின்றது.

அவசரத்துக்கும் ஒரு கதவு வைக்கப்பட்டது. பொதுமக்களின் உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ உடனடி அபாயம் இருப்பதாக அலுவலகம் கண்டால், முன்னறிவிப்பின்றியே பதிவை நிறுத்திவைத்துவிட்டு அதே நேரத்தில் நடவடிக்கையைத் தொடங்கலாம். அலுவலகம் விலக்கிக்கொண்டாலோ நீதிமன்றம் கலைத்தாலோ அன்றி, மேல்முறையீடு முடியும்வரை அந்த நிறுத்தம் நீடிக்கும். உதவித்தொகையை நிறுத்துமுன் விசாரணை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கோல்ட்பர்க் வழக்கில் சொன்னதும் அதே 1970-இல்தான். 1979-இல், குதிரைப் பந்தயப் பயிற்சியாளர் ஒருவரின் உரிமம் குறித்த பார்ச்சி வழக்கில், முன்விசாரணையின்றி நிறுத்தலாம், ஆனால் பின்விசாரணை தாமதமின்றி நடந்தாக வேண்டும் என்று அது வரையறுத்தது. மருந்துப் பதிவைப் பற்றியதல்லாத இத்தீர்ப்புகள்தாம் மருந்துப் பதிவுக்கும் காவலாக அமைந்தன. பிழைப்புக்கு ஆதாரமான ஓர் உரிமத்தை ஒரு நாள் முன்பாகப் பறிப்பதற்கும் ஒரு நாள் தாமதமாகத் திருப்பித் தருவதற்கும் இடையே ஒரு மனிதரின் வாழ்வு இருக்கிறது என்பதை இத்தீர்ப்புகள் உணர்ந்திருந்தன.

கடைக்குள் ஆய்வாளர் நுழைவதற்கும் ஒழுங்கு வந்தது. வணிக இடங்களை நிர்வாக ஆய்வு செய்யவும் உரிமையாளர் மறுத்தால் நீதிமன்ற ஆணை தேவை என்று 1967-இல் சீ என்பவருக்கும் சியாட்டில் நகருக்கும் இடையிலான வழக்கில் முடிவானதைத் தொடர்ந்து, மாதிரி வரைவு ‘நிர்வாக ஆய்வாணை’ என்ற ஒன்றை உருவாக்கியது. அது பெறப்பட்ட பத்து நாளுக்குள், வழக்கமான வணிக நேரத்தில் நிறைவேற்றப்பட வேண்டும்; எடுத்துச் செல்லும் பொருளுக்குப் பட்டியலும் ரசீதும் தர வேண்டும்; மருந்துகள் எங்கே போயின என்பதைப் பார்க்கலாமே தவிர, ஒப்புதலின்றிக் கடையின் பணக்கணக்கையும் விலை விவரங்களையும் புரட்டக்கூடாது.

ஆய்வின் முதற்படி மிக எளிய கணக்கிலும் அடங்கியிருக்கிறது. கூட்டரசின் பதிவெண்ணில் இரண்டு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் இருக்கும். முதல், மூன்றாம், ஐந்தாம் இலக்கங்களைக் கூட்டி, அதனோடு இரண்டாம், நான்காம், ஆறாம் இலக்கங்களின் கூட்டுத்தொகையை இரட்டித்துச் சேர்த்தால், வரும் எண்ணின் கடைசி இலக்கமே ஏழாவது இலக்கமாக இருக்க வேண்டும். 1234563 என்ற எண்ணை எடுத்தால் 1, 3, 5 சேர்ந்து 9, 2, 4, 6 சேர்ந்து 12, இரட்டித்தால் 24, மொத்தம் 33, கடைசி இலக்கம் 3. சீட்டில் இருக்கும் எண் இக்கணக்குக்கு இணங்காவிட்டால், தொலைபேசியைத் தொடும் முன்பே மருந்தாளுநர் மேசையிலேயே போலியை அறிந்துகொள்வார்.

நியூயார்க் 1972-இல் இயற்றிய சட்டம் இன்னும் ஒரு படி முன்சென்று, இரண்டாம் அட்டவணை மருந்துகளுக்கான மும்மடிச் சீட்டின் ஒரு படியை அல்பனியிலுள்ள நலவாழ்வுத் துறைக்கு வரவழைத்து, நோயாளியின் பெயர் உட்படக் கணினியில் ஏற்றியது. மாதம் ஏறத்தாழ ஒரு லட்சம் சீட்டுகள் வந்தன. அவை கம்பி வேலியும் எச்சரிக்கை மணியும் கொண்ட அறையில் பிரிக்கப்பட்டு, ஐந்தாண்டுகள் பெட்டகத்தில் பூட்டப்பட்டு, பின் அழிக்கப்பட்டன. கணினி நாடாக்கள் தனி அலமாரியில் இருந்தன. தம் பெயர் அரசின் பட்டியலில் ஏறுவதை எதிர்த்து நோயாளிகளும் மருத்துவர்களும் தொடுத்த வேலன் வழக்கில், 1977-இல் உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் உரிமையை ஏற்றது. ஆனால் சட்டம் நடைமுறைக்கு வந்த இருபது மாதங்களில் அந்தப் பெரும் தொகுப்பு இரண்டே இரண்டு விசாரணைகளுக்குத்தான் பயன்பட்டிருந்தது என்ற செய்தியையும் அத்தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. சேகரிக்கும் ஆற்றல் பயன்படுத்தும் ஆற்றலைவிட வெகுவேகமாக வளர்ந்தது. எஞ்சிய லட்சக்கணக்கான நோயாளிகளின் பெயர்கள் ஒரு பயனுமின்றிப் பூட்டிக் கிடந்தன என்பதை எளிதாகக் கடந்து செல்லக்கூடாது.

நிர்வாக நடைமுறை வந்ததால் குற்றவழக்கு ஒழிந்துவிடவில்லை. வாஷிங்டன் நகரில் மூர் என்ற மருத்துவர் ஐந்தரை மாதங்களில் 11,169 சீட்டுகள் மூலம் சுமார் எட்டு லட்சம் மெத்தடோன் மாத்திரைகளை எழுதினார். கட்டணத்தைச் சிகிச்சைக்கு வாங்காமல், 50 மாத்திரைக்கு 15 டாலர், 100-க்கு 25, 150-க்கு 35 என்று எண்ணிக்கைக்கே வாங்கினார். பதிவு பெற்றவரை நிர்வாக நடவடிக்கைக்கு மட்டுமே உட்படுத்தலாம் என்று அவர் வாதிட்டதை 1975-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தொழில்முறையின் எல்லையைக் கடந்தவருக்குப் பதிவு கேடயமாகாது என்றது. மூர் போன்றோரின் பதிவைப் பறிக்கக் கூட்டரசிடம் இருந்த காரணங்களும் மாதிரி வரைவின் மூன்று காரணங்களை ஒத்தவையாகவே இருந்ததால், 1984-இல் சட்டம் திருத்தப்பட்டு ‘பொதுநலனுக்கு முரணானது’ என்ற நான்காவது காரணம் நுழைந்தது. அதை எடைபோடச் சொல்லப்பட்ட ஐந்து அளவுகோல்களில் முதலாவது மாநில வாரியத்தின் பரிந்துரை. மாநிலங்கள் பலவும் பின்னர் இதே அளவுகோலைத் தம் சட்டங்களில் ஏற்றன.

இவ்வாறு இரு பதிவுகளும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன. மாநில அனுமதி போனால் கூட்டரசுப் பதிவு நிற்காது. கூட்டரசுப் பதிவு போனால் மாநிலப் பதிவை ரத்து செய்ய அதுவே காரணமாகிறது. மாநில அலுவலகத்தின் சிறிய அறையொன்றில் நடக்கும் விசாரணையின் முடிவு ஒருவரின் தொழிலையே முடித்துவைக்கக் கூடும் என்பதனால்தான் முப்பது நாள் அவகாசமும் காரணம் கூறும் கடமையும் அங்கே உயிர்நாடியாகின்றன. இச்சங்கிலியின் எதிர்ப்பக்கம் ஓரிகன் வழக்கில் வெளிப்பட்டது. மரணத்தை நெருங்கிய நோயாளி தம் உயிரை முடித்துக்கொள்ளக் கேட்டால் மருந்து எழுத அம்மாநிலச் சட்டம் மருத்துவரை அனுமதித்திருக்க, 2001 நவம்பரில் கூட்டரசின் தலைமை வழக்குரைஞர் ஆஷ்கிராஃப்ட், அப்படி எழுதுபவரின் பதிவு பறிபோகலாம் என்று அறிவித்தார். 2006 ஜனவரியில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது: எது முறையான மருத்துவம் என்பதைத் தீர்மானிப்பது மாநிலத்தின் வேலை, பதிவைக் கைப்பிடியாக வைத்து அதைத் திருக முடியாது. எண்பத்தோராண்டுகளுக்கு முன் லிண்டர் வழக்கில் ஒலித்த குரலே அதில் மீண்டும் கேட்டது.

மாதிரி வரைவின் 304-ஆம் பிரிவில் இன்னும் ஒரு விதி உண்டு. பதிவு நிறுத்தப்பட்டாலோ ரத்தானாலோ, பதிவுதாரரிடம் உள்ள கட்டுப்பாட்டு மருந்துகள் அனைத்தையும் முத்திரையிட்டு வைக்கலாம். மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை யாரும் அவற்றைத் தொடக்கூடாது. கெட்டுப்போகக்கூடிய பொருள் இருந்தால் நீதிமன்ற ஆணை பெற்று விற்று, பணத்தை நீதிமன்றத்தில் கட்டலாம். அலமாரியிலுள்ள மருந்து கெட்டுவிடுமே என்று இத்தனை பரிவோடு சிந்தித்த அவ்விதி, மறுநாள் காலை அதே கடைக்கு மாதச் சீட்டுடன் வந்து பூட்டிய கதவின் முன் நிற்கும் புற்றுநோயாளியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஷ்ரீவ்போர்ட் மருந்தகம் மூடப்பட்ட நாளில் அங்கு வந்தவர்களைப் பற்றியும் எந்த விதியும் பேசியிருக்கவில்லை. அண்மை ஆண்டுகளில்தான் கூட்டரசின் நலவாழ்வுத் துறை, ஒரு மருத்துவர் மீது நடவடிக்கை வரும்போது அம்மாநிலத்தின் நலவாழ்வு அலுவலர்களுக்குத் தகவல் தந்து, அவருடைய நோயாளிகளை வேறு மருத்துவரிடம் சேர்ப்பிக்க ஏற்பாடு செய்யும் திட்டமொன்றைத் தொடங்கியிருக்கிறது.